அகலமா வைங்க தம்பி

மேல எல்லாம் வைக்க முடியாது அண்ணாச்சி. மடியிலதான் வரும். உங்க முட்டியில இடிக்குதுன்னா கொஞ்சம் ஜன்னல் பக்கம் ஒதுங்கிக்கோங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். இந்த டிரைவர் கழுகுமலை வளைவுல திருப்புற திருப்புக்கு இது மேலருந்து விழுந்துச்சுன்னா, லென்ஸை முன் சீட்டு அக்கா கொண்டையிலதான் தேடணும்.

கொழந்தையா? கொழந்தைய யாராச்சும் வெயரைச் சுத்தி அட்டைப் பொட்டியில கொண்டு வருவாகளா அண்ணாச்சி? ப்ரொஜெக்டர். மண்டபத்துல திரை கட்டிப் படம் காட்டுவாகள்ல, அது. ஆனா கொழந்தைய விட மோசம். கொழந்தை அழுதா பாலைக் குடுத்து அமத்திரலாம். இது அழுதுச்சுன்னா ‘நோ சிக்னல்’னு நீலமா மூஞ்சியக் காட்டும், மண்டபமே திரும்பி நம்மளப் பாக்கும்.

ரிமோட் எங்கன்னா... பாத்தீகளா, சரியாப் புண்ணுலயே விரலை விடுறீக. ரிமோட் என்கிட்ட கெடையாது. எங்க முதலாளி காளிராஜண்ணன் புடுங்கிட்டாரு. “தூக்கிட்டுப் போ, எறக்கி வை, வெயரைச் சுத்து. பட்டன்ல கை வச்ச, ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்”னு உத்தரவு. இப்ப சங்கரன்கோவில்ல ஒரு வளைகாப்பு. பொட்டிய நான் கொண்டு போறேன், பட்டன் அமுக்க இன்னொருத்தன் பைக்ல வாரான். பட்டனுக்குன்னு தனியா ஒரு ஆளு! கலெக்டருக்குக் கூட அப்படிக் கெடையாது.

எதுக்குப் புடுங்கினாருன்னு நீங்க கேக்க மாட்டீக. ஆனா நான் சொல்லத்தான் போறேன். சங்கரன்கோவில் வர்ற வரைக்கும் உங்களுக்கும் வேற வேலை இல்ல. படத்தைச் சரியாக் காட்டினதுக்குப் புடுங்கினாரு அண்ணாச்சி. தப்பாக் காட்டினதுக்கு இல்ல. நல்லாக் கேட்டுக்கோங்க, சரியாக் காட்டினதுக்கு. கடைசியில நீங்களே தீர்ப்பு சொல்லுங்க.

நான் டிப்ளமா படிச்சவன். முழுசா இல்ல. ரெண்டாவது வருஷத்துல நானும் காலேஜும் மனஸ்தாபம் இல்லாமப் பிரிஞ்சிட்டோம். “கனிராஜு, உனக்குப் படிப்பு ஏறலையா, நீ ஏத்தலையா?”ன்னு வாத்தியார் கேட்டாரு. “ரெண்டு பேரும் படிக்கட்டுல நின்னு பேசிக்கிட்டு இருக்கோம் சார்”ன்னேன். அன்னையோட சரி. எங்க அப்பா ஒரு வாரம் என்கிட்ட பேசல. அந்த ஒரு வாரம்தான் வீட்டுல நிம்மதியா இருந்தேன்.

அப்புறம்தான் காளிராஜண்ணன்கிட்ட சேந்தேன். மைக் செட்டு, சீரியல் செட்டு, ப்ரொஜெக்டர், எல்லாம் உண்டு. இந்தப் பொட்டியக் கண்டதும் எனக்குப் பித்து புடிச்சுப்போச்சு. காலேஜ்ல ஏறாத படிப்பெல்லாம் இதுல ஏறுச்சு. லூமன்ஸ்னு ஒண்ணு இருக்கு, வெளிச்சக் கணக்கு. அட்டையில போட்டிருக்கிறதை நம்பக் கூடாது. மாப்பிள்ளை வீட்டுல சொல்ற சம்பளம் மாதிரி, பாதியக் கழிச்சிரணும். கீஸ்டோன்னு ஒண்ணு இருக்கு. பொட்டியக் கோணலா வச்சா படம் மேல அகலமா, கீழ குறுகலா, எண்ணெய்ப் புனல் கணக்கா விழும். அந்தப் பட்டனை அமுக்கினா சதுரமாயிரும். எங்க சித்தப்பனைச் சதுரமாக்க அப்படி ஒரு பட்டன் கெடைக்குமான்னு தேடிக்கிட்டு இருக்கேன்.

இதுல எனக்கு உசுரு எதுன்னா ஆஸ்பெக்ட் ரேஷியோ. அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள கணக்கு. பழைய படம்னா நாலுக்கு மூணு. இப்ப வர்ற படம் பதினாறுக்கு ஒம்பது. நாலுக்கு மூணைப் புடிச்சுப் பதினாறுக்கு ஒம்பதுல இழுத்தீகன்னா என்னாகும்? குதிரை எருமையாயிரும். பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் தேனீ கொட்டின மாதிரி நிப்பாக. ஊர்ல பாதி டீக்கடை டிவி அப்படித்தான் ஓடுது. நான் டீ குடிக்கப் போனா, டீய வாங்குறதுக்கு முன்னாடி ரிமோட்டை வாங்குவேன். அதைச் சரி பண்ணாம டீ எறங்காது எனக்கு.

சரி, விஷயத்துக்கு வாரேன்.

ஆவணியில ஒரு நிச்சயதார்த்தம். கோவில்பட்டியிலதான். பொண்ணு பேரு செண்பகா. பொண்ணோட அம்மா வேலுத்தாயத்தை. சொந்தமெல்லாம் இல்ல, நானா கூப்புட்டுக்கிட்டது. பொண்ணோட அப்பா அய்யாத்துரை மாமா மஸ்கட்ல ஒரு கடையில ஸ்டோர் கீப்பரு. அவருக்கு லீவு கெடைக்கல. மாப்பிள்ளையோட அம்மா குருவம்மா இருக்காகளே, அவுக ஒரு தனி ரகம். மைக் இல்லாமலே மூணு தெருவுக்குக் கேக்கும். அவுக ஒரே பிடியா நின்னுட்டாக. “மூணு மாசமாப் போன்ல பேசுறோம், வெறும் சத்தம்தான் வருது. பொண்ணைப் பெத்த மனுஷன் மூஞ்சியப் பாக்காம நான் தட்டு மாத்த மாட்டேன்.”

நிச்சயத்துல தட்டு மாத்தினாத்தானே பேச்சு உறுதி? தட்டு மாறலைன்னா வந்தவுக பந்தியில சாப்புட்டுப் போயிருவாக, பொண்ணு வீட்டுல பாத்திரம் கழுவணும். அதனாலதான் வீடியோ கால். மஸ்கட்ல மாமா கூட இருக்கிற ஒருத்தர் பழைய லேப்டாப்புல பேச வைப்பாரு, நாங்க திரையில பெருசாக் காட்டணும். ஏற்பாடு நான். ரிமோட் நான். காளிராஜண்ணன் மேற்பார்வைக்கு வந்து நின்னாரு, அம்புட்டுதான்.

காலையிலயே போய்ச் சரி பாத்தேன். லைன் கெடைச்சுச்சு. மாமா தெரிஞ்சாரு. பழைய கேமரா, அதனால நாலுக்கு மூணு. நடுவுல படம், ரெண்டு பக்கமும் கருப்புப் பட்டை. ஒல்லியா ஒரு மனுஷன், வெள்ளைச் செவுத்துக்கு முன்னாடி உக்காந்திருக்காரு, கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட சட்டை. சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவுல எலுமிச்சம் பழத்தை வைக்கலாம். எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி? வெளிநாட்டுல ஒல்லியா இருக்கக் கூடாதுன்னு சட்டமா?

வேலுத்தாயத்தை திரையவே பாத்துக்கிட்டு நின்னாக. அப்புறம் என்கிட்ட வந்து, “தம்பி, ரெண்டு பக்கமும் கருப்பா இருக்கே. நெறச்சு வைங்க. அகலமா வைங்க தம்பி”ன்னாக.

“அப்படி வைக்கக் கூடாது அத்தை. இழுத்தா மூஞ்சி உப்பிரும்.”

“உப்பட்டும் தம்பி.”

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பாத்தீகளா, இதான் நம்ம சனங்க. திரை பூரா அடைச்சு நின்னாத்தான் குடுத்த காசுக்குப் படம்னு நெனைக்கும். நான் வகுப்பெடுத்தேன். நாலுக்கு மூணு, பதினாறுக்கு ஒம்பது, எல்லாம் கையால அளந்து காட்டினேன். கேட்டாக. பொறுமையாக் கேட்டாக. கேட்டுட்டு, “இந்தக் காரியம் இன்னைக்கு நல்லபடியா முடியணும் தம்பி. முடியலைன்னா எம்மக கதை முடிஞ்சுது. அகலமா வைங்க”ன்னு கையப் புடிச்சுட்டாக. கை சில்லுன்னு இருந்துச்சு. சரி, ஏசிக்குப் பக்கத்துல நின்னாகபோலன்னு நெனச்சுக்கிட்டு இழுத்து விட்டேன். மாமா உடனே ரெண்டு சுத்துப் பெருத்துட்டாரு. அத்தை மூஞ்சியில அப்படி ஒரு நிம்மதி. நான் திரையப் பாக்காம வெயரைச் சுத்தப் போயிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டாளுக வந்தாக. வேன்ல ஒரு கூட்டம். எல்லாரும் உக்காந்ததும் மாமாவைக் காட்டினேன். குருவம்மாக்கா தட்டைக் கையில வச்சுக்கிட்டு நிமிந்து பாத்தாக.

“அடேயப்பா! அண்ணன் நல்லா செழிப்பாத்தான் இருக்காக. மஸ்கட் சாப்பாடு ஒத்துக்கிருச்சுபோல!”

மாமா சிரிச்சாரு. “கறியும் சோறுமா திங்கிறேன் தங்கச்சி.” குரல் கொஞ்சம் கம்முச்சு. அதுக்கும் நான் ஸ்பீக்கரைத்தான் சந்தேகப்பட்டேன்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. வெத்தலை பாக்கு, மஞ்சள், சேலை, பழம் எல்லாம் தட்டுல ரெடி. இவுக தட்டு அவுகளுக்கு, அவுக தட்டு இவுகளுக்கு, அம்புட்டுதான் பாக்கி. அப்பத்தான் அந்தச் சவம் வாயத் தொறந்தான். மாப்பிள்ளைக்குச் சித்தி மகனாம், பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியாம். நிச்சயத்துக்கு அரை டவுசர் போட்டு வந்திருந்தான் அண்ணாச்சி, நம்புங்க. நேரா என்கிட்ட வந்து, “ப்ரோ, ரேஷியோ தப்பு. பெரியவரு இட்லி மாதிரி இருக்காரு. இந்த பேசிக் கூடத் தெரியாமலா தொழில் பண்றீங்க?”ன்னான்.

என்னைய! ரேஷியோ தெரியாதான்னு என்னைய!

அண்ணாச்சி, எங்க அப்பாவைத் திட்டியிருந்தாக் கூடச் சேந்து நானும் ரெண்டு வார்த்தை திட்டியிருப்பேன். இதைத் தாங்க முடியல. இன்னொண்ணையும் யோசிச்சுப் பாருங்க. குருவம்மாக்கா என்ன கேட்டாக? ‘மூஞ்சியப் பாக்கணும்.’ அப்ப உள்ள மூஞ்சியக் காட்டுறதுதானே மரியாதை? இட்லியக் காட்டித் தட்டு மாத்தச் சொல்லலாமா? ரிமோட்டை எடுத்தேன். அமுக்கினேன். நாலுக்கு மூணு.

டக்குனு ரெண்டு பக்கமும் கருப்பு வந்து நின்னுச்சு. நடுவுல மாமா.

மண்டபத்துல பேச்சு நின்னுருச்சு. முதல்ல பொம்பளைக பக்கம், அப்புறம் ஆம்பளைக பக்கம். பந்திக்கு எலை போட்டுக்கிட்டு இருந்தவன் கூட எலையோட நிக்கான். இழுத்த படத்தைப் பாத்த கண்ணோட பாத்தாக இல்லையா, அதனால ஒரு நொடியில அந்த மனுஷன் உருகிப்போன மாதிரி ஆயிருச்சு. கன்னம் உள்ள போய், கண்ணு வெளிய வந்து. போதாக்குறைக்கு நான் கான்ட்ராஸ்ட்டை வேற காலையிலயே அருமையா வச்சிருந்தேன். கழுத்து நரம்பு ஒவ்வொண்ணும் அவ்வளவு துல்லியம்.

செண்பகா மேடையிலருந்து எந்திரிச்சு, “அப்பா?”ன்னுச்சு. அப்பாவுக்குச் சீக்குன்னு அதுக்கும் தெரியாதாம் அண்ணாச்சி. வேலுத்தாயத்தை ஒரு ஆளுக்குத்தான் தெரியும். ஆறு மாசமா மனசுக்குள்ளயே போட்டு மிதிச்சிருக்காக.

மாமாவுக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்னது கேட்டிருக்கும்போல. “வேலுத்தாயி... தெரிஞ்சுபோச்சா?”ன்னாரு. எங்க ஸ்பீக்கர்ல நாலு மூலையிலயும் கேட்டுச்சு.

குருவம்மாக்கா தட்டைக் கீழ வச்சாக. அம்புட்டுதான், முடிஞ்சுதுன்னு எல்லாரும் நெனச்சாக. மாப்பிள்ளையோட பெரியப்பா துண்டை உதறித் தோள்ல போட்டுட்டாரு. வேலுத்தாயத்தை அப்படியே தூணைப் புடிச்சு உக்காந்துட்டாக. குருவம்மாக்கா மேடைய விட்டு எறங்கி, எங்க லேப்டாப் இருந்த மேசைக்கு வந்து, கேமராவுக்கு நேரா மூஞ்சிய வச்சு, “அண்ணே, நெசத்தைச் சொல்லுங்க. சோறு திங்கிறீகளா?”ன்னாக.

“கஞ்சிதான் தங்கச்சி.”

“எங்க இருக்கீக?”

“ஆஸ்பத்திரியிலதான். பிளேன் ஏறக் கூடாதுன்னுட்டாக.”

“டாக்டர் என்ன சொல்றாரு?”

“மலையாளத்து ஆளு, நல்ல மனுஷன். நீங்க தையில கல்யாணம்னு சொன்னீக இல்லையா, ‘தை வரைக்கும் ஓடுமா சார்’னு கேட்டேன். ஒண்ணும் சொல்லாமச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்.”

குருவம்மாக்கா திரும்பி வேலுத்தாயத்தையப் பாத்துக் கத்தினாக பாருங்க, எங்க ஆம்ப்ளிஃபயர் வெக்கப்படணும். “ஏ மதினி! இதை எங்கிட்டயா மறைப்ப? நான் என்ன மனுஷியா, மாடா?” அத்தை வாயில சேலைய வச்சு அழுதாக. “சொன்னா வேண்டாம்னு போயிருவீகன்னு பயந்துட்டேன் மதினி.”

“போயிருப்பேன்டி! முன்னாடியே சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன், போயிருந்தாலும் போயிருப்பேன். இப்ப மூஞ்சியப் பாத்துட்டேன்ல! பாத்துட்டு எப்படிப் போக?”

சொல்லிட்டு, தட்டுல இருந்த மஞ்சக் கெழங்கைக் கையில எடுத்தாக. “பூக்காரிகிட்ட நூல் இருக்கா பாருங்க. நல்லா மஞ்சளைத் தடவுங்க.”

பெரியப்பாவுக்குப் புரிஞ்சுபோச்சு. “ஏ குருவம்மா, என்ன வெளையாட்டு இது? கல்யாணத்துக்கு முகூர்த்தம் பாக்க வேண்டாமா?”

“நிச்சயத்துக்கு நல்ல நேரம்னு நீங்கதானே பாத்துக் குடுத்தீக? அதே நேரம் தாலிக்கு மட்டும் கெட்டுப்போயிருமா? அண்ணனுக்கு ஒண்ணுன்னா ஒரு வருஷத்துக்குப் பொண்ணு வீட்டுல நல்ல காரியம் வைக்க முடியாது. வச்சாலும் பாக்க அவரு இருக்க மாட்டாரு. ஊருக்குத் தையில சோறு போட்டுக்கிருவோம்.”

மாப்பிள்ளை பாவம், ஓசூர்ல வேலை. “அம்மா, எனக்கு நாளைக்கு ஷிப்ட் இருக்கும்மா”ன்னான். “தாலி கட்ட எம்புட்டு நேரம்லே ஆகும்?”னாக. அவன் செண்பகாவைப் பாத்தான். அது கண்ணத் தொடச்சுக்கிட்டு, “அப்பா பாக்கணும்”னு மட்டும் சொல்லுச்சு. அப்புறம் அவன் ஷிப்டைப் பத்திப் பேசல. நல்ல பையன்தான்.

இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி. அந்தக் கல்யாணமே நான் அமுக்கின ஒரு பட்டன்ல நடந்த கல்யாணம். நான் இழுத்த படத்தை அப்படியே விட்டிருந்தா, தட்டு மாறியிருக்கும், சாப்புட்டுப் போயிருப்பாக, தை வந்திருக்கும். மாமா? கார்த்திகையில போய்ட்டாரு அண்ணாச்சி. ஆமா. பொட்டியிலதான் வந்தாரு. நானும் போயிருந்தேன். அங்க படம் காட்டுற வேலை ஒண்ணும் இல்ல, சும்மாதான் போனேன். வேலுத்தாயத்தை என்னப் பாத்தாக. பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக. மாப்பிள்ளை வீட்டுல போட்ட தை விருந்துக்கும் எனக்குச் சொல்லல. காளிராஜண்ணனுக்குப் பத்திரிகை போச்சு, மைக் செட்டுக்காரனுக்குப் போச்சு, எனக்கு இல்ல. நான் சோத்துக்கு அலையல. ஆனா ஒரு வார்த்தை, ‘கனிராஜு, நீ வச்ச ரேஷியோதான்டா சரி’ன்னு யாராச்சும் சொல்லியிருக்கலாம்ல?

காளிராஜண்ணன் அன்னைக்கே எல்லாருக்கும் முன்னாடி என் பொடதியில ஒண்ணு போட்டாரு. “அந்தப் பொம்பளை என்ன சொன்னா, நீ என்ன பண்ணின?”ன்னு. அதுக்கு மட்டும்தான் ரிமோட்டைப் புடுங்கினாருன்னு இது வரைக்கும் உங்ககிட்ட சொன்னேன். இன்னொண்ணையும் சேத்துச் சொல்லுவாரு. அது பொய்யி. அதையும் கேட்டுருங்க, இல்லைன்னா அவரு சொல்லிக் கேப்பீக.

தாலி கட்டுறதை மாமாவுக்குக் காட்டணும்ல? லேப்டாப்பு வெயர்ல கட்டிப் போட்ட மாடு, மேடைக்கு வராது. அதனால மஸ்கட்ல மாமா கூட இருந்தவரு நம்பருக்கு என் போன்லருந்து வீடியோ போட்டு, ‘நான் காட்டுறேன் மாமா’ன்னு மேடையில ஏறிட்டேன். நம்மள விட்டா அந்த மண்டபத்துல படம் காட்ட ஆளு யாரு? போனோட சின்னத் திரையில மாமா தெரியிறாரு, மூலையில குட்டிக் கட்டத்துல நான் அவருக்குக் காட்டுறது தெரியுது. மாலை போட்டாக. சூப்பரா ஃப்ரேம் வச்சேன். மேளம் இல்ல, குருவம்மாக்காவே குலவை போட ஆரம்பிச்சாக. எல்லாரும் அட்சதையோட மேடையில முண்டுறாக. அரை டவுசர் என் விலாவுல ஏறி நிக்கான். போனு சூடாயி வழுக்குது. ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சு, தலைக்கு மேல தூக்கிக் காட்டினேன். மாப்பிள்ளை கட்டினான். மிச்ச முடிச்சை நாத்தனார் போட்டா. நான் நேர்ல பாத்தேன், எனக்கே கண்ணு கலங்கிருச்சு, யார்கிட்டயும் சொல்லிராதீக.

கீழ எறக்கிப் பாத்தா குட்டிக் கட்டம் கருப்பா இருக்கு. நெட்வொர்க்கு. மஸ்கட் என்ன பக்கத்துத் தெருவா? என் கட்டைவிரல் லென்ஸு மேல இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா எப்ப அங்க வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? பத்து விரல் இருக்கு எனக்கு, கூட்டத்துல ஒவ்வொண்ணா ஆஜர் எடுக்க முடியுமா? காளிராஜண்ணன் கீழ நின்னு பாத்தாராம். “மாலைக்கு அப்புறம் விரலை எடுக்கவே இல்லையேடா பாவி”ங்கிறாரு. அவருக்கு வெள்ளெழுத்து அண்ணாச்சி. மெனுவுல பிரைட்னஸ் எது, கான்ட்ராஸ்ட் எதுன்னு என்கிட்ட கேட்டவரு.

நான் உடனே மாமாகிட்டயே கேட்டுட்டேன். “மாமா, தெரிஞ்சுதா?”

 என்னையவே பாத்தாரு. என் மூஞ்சி அப்ப எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அப்புறம் சிரிச்சாரு. “தெரிஞ்சுது தம்பி. கண்ணாடி மாதிரித் தெரிஞ்சுது. மூணு முடிச்சையும் எண்ணினேன். நீ நல்லா இருக்கணும்”னாரு.

மூணு முடிச்சுன்னு எண்ணிச் சொன்னாரு அண்ணாச்சி. கருப்பா இருக்கிற படத்துல யாராச்சும் முடிச்சை எண்ண முடியுமா? முடியாதுல்ல? அப்ப பாத்துருக்காருன்னுதானே அர்த்தம்?

என்ன அண்ணாச்சி, ஜன்னல் பக்கம் திரும்பிட்டீக. பாத்துருப்பாருல்ல?